புகையோடு போகும் பொருள்

புதுவை நகருக்கு நெடுங்காலம் இரண்டு அடையாளங்கள் இருந்தன. ஒன்று, கடற்கரையில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கம். மற்றொன்று, நகரின் புறத்தே விண்ணை நோக்கி நிமிர்ந்து நின்ற பஞ்சாலைப் புகைபோக்கிகள். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1820-களின் இறுதியில் தோன்றிய சவானா ஆலை, பின்னாளில் சுதேசி ஆலை எனப் பெயர் பெற்றது. 1898-இல் முதலியார்பேட்டையில் ரோடியர் ஆலை எழுந்தது. பாரதி ஆலையும் இவற்றோடு சேர, நகர மக்களுள் பல்லாயிரவர் பஞ்சையும் நூலையும் நம்பி வாழ்ந்தனர். ஆலைச் சங்கு ஒலித்தால் ஊர் எழும். மீண்டும் ஒலித்தால் ஊர் உண்ணும். புகைபோக்கியில் புகை கண்டால் அன்று கூலி உண்டு என்று பொருள். காணாவிடின் வீடுதோறும் கலக்கம். ஆதலின், புகையையே செல்வத்தின் கொடியாக மக்கள் மதித்ததில் வியப்பில்லை.

அம்மதிப்பில் பாதி மெய், பாதி மயக்கம். புகை எழுவது ஆலை இயங்குவதற்கு அறிகுறி என்பது மெய்யே. ஆனால், அப்புகையோடு வானில் ஏறியது வெறுங் கரியன்று. விலை கொடுத்து வாங்கிய விறகும் நிலக்கரியும் எண்ணெயும் ஈன்ற வெப்பத்தில் ஒரு பங்கு, எவருக்கும் பயன்படாமல், பருந்துகள் குளிர்காய்வதற்கு அனுப்பியது போல மேலே போயிற்று. நாட்டின் எத்தனையோ ஆலைகளில் இன்றும் அவ்வாறே போகின்றது. எரிபொருள் போதவில்லை என்று புதிய சுரங்கத்தையும் புதிய கிணற்றையும் தேடுவதற்கு முன், கையிலிருந்து நழுவும் இவ்வெப்பத்தை மறித்து வாங்குதல் வேண்டும். அதுவே முதற்கடமை, ஏனையவை அதன்பின் வைத்து எண்ணத் தக்கவை.

வீட்டு அடுக்களையில் இவ்வறிவு என்றோ குடிபுகுந்துவிட்டது. பழைய தமிழ் இல்லங்களில் பெரிய அடுப்பின் பக்கத்தே சிறிய அடுப்பு ஒன்று ஒட்டி நிற்கும். அதற்குக் கொடியடுப்பு என்று பெயர். அதில் விறகு வைப்பதில்லை. பெரிய அடுப்பில் எரியும் தழலின் மிச்சம், இடையே விட்ட துளை வழியாகக் கொடியடுப்பிற்குள் செல்லும். இங்கே சோற்றுலை கொதிக்கும்போது அங்கே குழம்பு சூடு ஆறாமல் இருக்கும். பருப்பு மெல்ல வேகும். ஒன்றும் இல்லையேல் குளிக்க வெந்நீராவது காயும். விறகு ஒன்று, வேலை இரண்டு. இவ்வடுப்பை முதன்முதல் அமைத்த மூதாட்டியின் பெயரை எந்நூலும் குறித்து வைக்கவில்லை. ஆயின், இன்றைய பொறியியலார் பெருஞ்செலவில் அமைக்கும் கருவிகளின் உட்கருத்து, அவ்வம்மையார் மண்ணைக் குழைத்துப் பூசிய அத்துளைக்குள் இருக்கின்றது.

நிற்க. அக்கருவிகளின் இயல்பைச் சிறிது விளக்கமாகக் காண்போர்க்கே அவற்றின் பயன் விளங்கும்.

ஓர் உலையிலிருந்தோ இயந்திரத்திலிருந்தோ வெளியேறும் சூடான வாயுவினின்று வெப்பத்தைப் பிரித்தெடுத்து, தண்ணீருக்கோ காற்றுக்கோ எண்ணெய்க்கோ கொடுக்கும் கருவி வெப்பமாற்றி எனப்படும். இதில் விந்தை யாதெனில், கொடுப்பதும் கொள்வதும் ஒன்றையொன்று தீண்டுவதே இல்லை. குழாய்க்குள் தண்ணீர் ஓடும். குழாய்க்கு வெளியே புகை ஓடும். இடையே இருப்பது இரும்புச் சுவர் ஒன்றே. சுவரின் இருபுறமும் நிற்கும் இருவர், முகம் காணாமலே பொருளைக் கைமாற்றுவது போல, வெப்பம் மட்டும் அச்சுவரைக் கடந்து செல்கின்றது. புகையின் அழுக்கு தண்ணீரில் சேர்வதில்லை. தண்ணீரின் ஈரம் புகையில் கலப்பதில்லை.

இவ்விரு நீரோட்டங்களையும் எத்திசையில் விடுவது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. 90 பாகைச் சூடுள்ள வெந்நீரும் 30 பாகைச் சூடுள்ள தண்ணீரும் ஒரே அளவில் ஓடுவதாகக் கொள்க. இரண்டையும் ஒரே திசையில் ஓடவிட்டால், எவ்வளவு நீண்ட குழாய் இட்டாலும் முடிவில் இரண்டும் 60 பாகையில் வந்து நிற்கும். அதன்மேல் தண்ணீர் சூடேறாது. எதிரெதிர்த் திசையில் ஓடவிட்டாலோ, வெளியேறும் தண்ணீர் உள்ளே நுழையும் வெந்நீரின் சூட்டை ஏறத்தாழ எட்டிவிடும். குளிர்ந்த நீரில் மணிக்கணக்காக ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு இந்நுட்பத்தினால்தான் உடற்சூட்டை இழக்காமல் நிற்கின்றது. அதன் காலில் கீழிறங்கும் சுடுகுருதிக் குழாயும் மேலேறும் குளிர்குருதிக் குழாயும் நெருங்கி, எதிரெதிராக அமைந்துள்ளன. இறங்கும் குருதியின் வெப்பம் பாதத்தை அடைந்து நீரில் வீணாகாமல், ஏறும் குருதியோடு உடலுக்கே திரும்புகின்றது. ஊசுட்டேரியில் மீனுக்குக் காத்து நிற்கும் கொக்கும் இக்கலையில் வல்லதே.

புதுவை ஆட்சிப் பகுதிக்குள்ளேயே இதற்குச் சீரிய சான்று ஒன்று உண்டு. அது நகரில் இல்லை. நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்தின் எல்லையில் உள்ளது. புதுச்சேரி மின்திறல் நிறுவனம் அங்கே அமைத்த மின்நிலையம் 2000-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் முறையாக மின்சாரம் தரத் தொடங்கியது. காவிரிப் படுகையின் நரிமணம் பகுதியில் மண்ணுக்கடியிலிருந்து கிடைக்கும் இயற்கை எரிவாயுவே அந்நிலையத்தின் உணவு.

அந்நிலையத்தில் முதலில் இருப்பது வாயுச் சுழலி. டர்பைன் என்று தொழிலாளர் கூறுவது இதனையே. காற்றை அழுத்தி, அதில் எரிவாயுவைக் கலந்து எரிக்க, பொங்கியெழும் சுடுவாயு சுழலியைச் சுழற்றுகின்றது. சுழலி மின்னாக்கியைச் சுழற்ற, 22.9 மெகாவாட் மின்சாரம் பிறக்கின்றது. வேலை முடிந்த வாயு வெளியேறுகின்றது. ஆனால், வெளியேறும்போதும் இத்தகைய சுழலிகளின் வாயு பொதுவாக 500 பாகைக்கு அணித்தான சூட்டோடு இருக்கும். ஈயத்தை உருக்குவதற்கு அதனினும் குறைந்த சூடே போதும்! எரிபொருளில் அடங்கிய ஆற்றலை மூன்று பங்காக்கினால், ஏறத்தாழ ஒரு பங்கே மின்சாரமாகி, மற்ற இரண்டும் இவ்வாயுவோடு புறப்பட்டு விடுகின்றன. புகைபோக்கியை நேரே வானுக்குத் திறந்துவிட்டிருப்பின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

காரைக்காலில் கதை அங்கே முடியவில்லை. சுடுவாயு போகும் வழியில் ஒரு கொதிகலனை நிறுத்தியுள்ளனர். அதற்கு அடுப்பு இல்லை. விறகோ கரியோ எண்ணெயோ அதற்கு வேண்டுவதில்லை. வரிசை வரிசையாக அமைந்த குழாய்களுக்குள் தண்ணீர் ஓட, அவற்றைச் சூழ்ந்து சுழலியின் கழிவாயு செல்கின்றது. தண்ணீர் நீராவியாகின்றது. அந்நீராவி இரண்டாவது சுழலி ஒன்றைச் சுழற்றி, மேலும் 9.6 மெகாவாட் மின்சாரத்தைத் தருகின்றது. இரண்டும் சேர 32.5 மெகாவாட். கொடியடுப்பு என்பதன்றி இதனை வேறு எப்பெயரால் அழைப்பது?

9.6 மெகாவாட் என்பது காதுக்குச் சிறியதாக ஒலிக்கலாம். நாள் முழுதும் நிறைவாக ஓடினால் அதன் விளைவு 2,30,400 யூனிட். இதற்கென ஒரு கன அடி வாயுவும் மிகையாக எரிக்கப்படுவதில்லை. முதற்சுழலி தரும் மின்சாரம் நூறு பங்கானால், கழிவிலிருந்து கிடைப்பது நாற்பத்திரண்டு பங்கு. மண்ணுக்கடியிலிருந்து வரும் வாயு ஆண்டுதோறும் பெருகுவதன்று. எடுக்க எடுக்கக் குறைவது. அதனை எரித்துப் பெற்ற வெப்பத்தை மறுமுறையும் வேலை வாங்குவது எத்துணைச் சிறப்பு என்பதைக் கணக்குத் தெரிந்த சிறுவரும் உணர்வர்.

பிரெஞ்சு நாட்டின் வடபகுதியில் பூஷேன் என்னும் ஊரில் உள்ள மின்நிலையம், இதே முறையைப் பெருமளவில் கையாண்டு, 2016-ஆம் ஆண்டில் எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்கு 62 பங்கிற்கு மேல் மின்சாரமாக்கிக் காட்டியது. அது அக்காலத்தில் உலகச் சாதனையாகப் பதிவு பெற்றது. வெப்பத்தைப் பற்றிய முதல் தெளிந்த சிந்தனை அந்நாட்டில்தான் பிறந்தது என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது. சாதி கார்னோ என்னும் இளம் பொறியியலார் 1824-இல் நெருப்பின் இயக்குந் திறனைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். மேட்டிலிருந்து பள்ளத்திற்கு வீழும் நீர் சக்கரத்தைச் சுழற்றுவது போல, சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கு இறங்கும் வெப்பமே வேலை செய்கின்றது என்றும், இறக்கம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேலை கிடைக்கும் என்றும் அவர் காட்டினார். அந்நூலை அன்று மதித்தவர் சிலரே. ஆசிரியர் 1832-இல், 36-ஆம் அகவையில், வாந்திபேதியால் மாண்டார். அந்நூல் வெளிவந்த சில ஆண்டுகளுக்குள் அதே பிரெஞ்சுக்காரர் புதுவையில் ஆலை தொடங்கினர். நூலும் ஆலையும் ஒன்றையொன்று அறியாமலே இருந்திருக்கும். அறிவு ஒரு கப்பலிலும் இயந்திரம் மற்றொரு கப்பலிலும் ஏறுவது உலகில் புதிதன்று. முன்னது பெரும்பாலும் பிந்தியே கரை சேரும்.

மின்நிலையத்திற்குப் பொருந்துவது பஞ்சாலைக்கும் சாயச்சாலைக்கும் பொருந்துமோ என்று சிலர் வினவலாம். பொருந்தும்; பொருந்தியும் இருந்தது. இங்கிலாந்து நாட்டு வேக்பீல்டு நகரத்து எட்வர்டு கிரீன் என்பவர், கொதிகலனுக்கும் புகைபோக்கிக்கும் இடையே இரும்புக் குழாய்களை நிறுத்தி, கொதிகலனுக்குள் செல்லவேண்டிய தண்ணீரைப் புகையின் சூட்டினாலேயே முன்கூட்டிச் சூடேற்றும் கருவிக்கு 1845-இல் உரிமை பெற்றார். பஞ்சாலைகள் பலவற்றில் அது இடம்பெற்றது. குழாயின்மேல் கரி படிந்தால் வெப்பம் உட்புகாது என்பதை உணர்ந்து, குழாய்களைத் தழுவி மேலும் கீழும் ஏறியிறங்கிக் கரியைச் சுரண்டும் வளையங்களையும் அவர் அமைத்தார். கருவியைக் கண்டது பாதி. அதைச் சுரண்டிக்கொண்டே இருக்க வழி கண்டது மறுபாதி. பின்னதே அரிது.

இதனால் வரும் பயனைப் பொறியியலார் எளிய வாய்பாடாகக் கூறுவர். கொதிகலனை விட்டுப் போகும் புகையின் சூட்டை 22 பாகை குறைத்தால், எரிபொருளில் நூற்றுக்கு ஒரு பங்கு மிஞ்சும். கழிவு வெப்பத்தால் உட்செல்லும் தண்ணீரை 6 பாகை சூடேற்றினாலும் அதே ஒரு பங்கு மிஞ்சும். நாளொன்றுக்கு ஒரு டன் எரிபொருள் உண்ணும் கொதிகலனின் புகை 250 பாகையில் வெளியேறுவதாகக் கொள்வோர், அதனை 160 பாகைக்கு இறக்கினால் நூற்றுக்கு நான்கு பங்கு மிச்சம் காண்பர். நாளுக்கு 40 கிலோகிராம். முந்நூறு நாள் வேலைக்கு 12 டன். பாவுக்குக் கஞ்சியிடவும், துணி வெளுக்கவும், சாயத்தொட்டியைக் கொதிக்கவைக்கவும் ஓயாமல் வெந்நீர் வேண்டும் தொழிலில் இஃது அற்பமன்று.

புதுவை ஆலைகளின் வரலாற்றில் வேறொரு கணக்கு குருதியால் எழுதப்பட்டது. 1936-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள், உரிமை கேட்டு நின்ற ஆலைத் தொழிலாளருள் பன்னிருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். அடுத்த ஆண்டில் எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமாயிற்று. மனிதர் உழைப்பை அளவின்றி வாங்கக்கூடாது என்னும் நெறி அவ்வாறு நிலைபெற்றது. அவ்வுயிர்களோடு வெப்பத்தை ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையன்று. ஆயினும், உழைப்புக்கு நேரக் கணக்கும், பஞ்சுக்கு எடைக் கணக்கும், துணிக்கு முழக் கணக்கும் எழுதிய ஏடுகளில், புகைபோக்கி வழிப் போனதற்கு ஒரு பக்கமேனும் ஒதுக்குவது ஆலைத்தொழிலின் வழக்கமாகவில்லை. அவ்வாலைகளின் ஓசை இன்று அடங்கிவிட்டது. ரோடியர் ஆலை 2020-இல் மூடப்பட்டது. வீணான வெப்பத்தினால் அவை மூடின என்று கூறுதல் பிழையாகும். அதற்குக் காரணங்கள் வேறு பல. ஆனால், மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் ஆகிய தொழிற்பேட்டைகளில் அவற்றின் இடத்தைப் பிடித்திருக்கும் சிறிய தொழிற்கூடங்கள் பழைய ஏட்டையே தொடர்ந்து எழுதுதல் ஆகாது.

சிறு தொழில் நடத்துவோர் கூறும் மறுப்புகள் சில உண்டு. அவற்றைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. கருவிக்கு முதல் வேண்டும் என்பர், மெய். மேலே கண்ட 12 டன் எரிபொருளின் விலை சில ஆண்டுகளில் அம்முதலைத் திருப்பித் தரலாம். ஆயின், வட்டிக்குக் கடன் வாங்குவோனுக்குச் சில ஆண்டுகள் என்பது நீண்ட காலம். கந்தகம் கலந்த எண்ணெயை எரிப்போர் புகையை மிகவும் குளிர்விக்கக் கூடாது. ஏறத்தாழ 150 பாகைக்குக் கீழ் இறக்கினால் அமிலம் பனித்துளி போலக் குழாயில் படிந்து இரும்பை அரித்துவிடும். ஆசைப்பட்டு இறக்கியவர் கருவியையே இழப்பர். இதுவும் மெய். மூன்றாவது மறுப்பே வலியது: வெப்பத்தை வாங்கி எங்கே வைப்பது? நெல்லைப் போல அதனைக் குதிரில் கொட்டி வைத்தல் எளிதன்று. நெடுந்தூரம் கொண்டுசெல்வதும் ஆகாது. வெந்நீர் வேண்டாத தொழிற்கூடத்தில் வெந்நீர் காய்ச்சிப் பயன் என்னை?

இவ்வினாவிற்கு விடை, முதலில் வெப்பத்தை அது பிறந்த உலைக்கே திருப்புவதாகும். இரும்பைக் காய்ச்சும் உலையின் புகையைக் கொண்டு, அவ்வுலைக்குள் ஊதும் காற்றைச் சூடாக்கலாம். வெளியே வெந்நீர் வேண்டுவார் எவரும் இல்லாவிடினும் உலைக்குக் காற்று வேண்டுமன்றோ? 1856-இல் சீமென்ஸ் உடன்பிறந்தார் கண்ட முறை இதுவே. செங்கல் அடுக்கிய அறை ஒன்றன் வழியே புகையைச் செலுத்திக் கற்களைச் சூடேற்றுவர். பின்பு புகையை வேறு அறைக்குத் திருப்பிவிட்டு, சூடேறிய கற்களின் வழியே புதுக்காற்றைச் செலுத்துவர். சிறிது நேரத்திற்கொருமுறை அறைகள் மாறி மாறி வேலை செய்யும். கண்ணாடி உருக்கும் தொழிலையும் எஃகுத் தொழிலையும் இம்முறை மாற்றி அமைத்தது. அறிவியற் பேரறிஞர் மைக்கேல் பாரடே, இலண்டன் அறிவியற் கழகத்தில் 1862-இல் ஆற்றிய கடைசி வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்ட பொருள் இவ்வுலையே. மின்சாரத்தின் மறைபொருளை வெளிப்படுத்திய அம்முதியவர், இறுதியில் ஒரு செங்கல் அறையைப் பற்றிப் பேச விழைந்தார் என்றால், அதன் அருமையை என்னென்பது!

அரசினர் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. 2001-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஆற்றல் சேமிப்புச் சட்டம் இயற்றியது. அதன் கீழ்ப் பெரிய ஆலைகள் தம் எரிபொருட் செலவை ஆராய்ந்து கணக்குக் காட்டுகின்றன. சிறியவை பெரும்பாலும் அவ்வலையின் கண்களுக்கு இடையே நழுவி விடுகின்றன. அவற்றின் மேல் எடுத்த எடுப்பில் தண்டம் விதிப்பது கொடுமை. விலையுயர்ந்த கருவியை வாங்கு என்று வற்புறுத்துவதும் தகாது. அளப்பதற்கு மட்டும் கட்டாயம் வேண்டும். கொதிகலன் வெடிக்குமோ என்று ஆராய வரும் ஆய்வாளர், புகை எவ்வளவு சூட்டோடு போகின்றது என்பதையும் உடன் குறித்துச் செல்லலாம். அக்குறிப்பைக் கண்டு, உதவத் தக்க கூடங்களுக்குக் குறைந்த வட்டியில் அரசு கடன் தரலாம். கந்தகப் புகையுள்ள இடத்தில் எவ்வளவு இறக்கலாம் என்று அறிந்தோர் சென்று கூறலாம். அருகருகே உள்ள இரண்டு கூடங்களில் ஒன்றன் கழிவு மற்றொன்றன் தேவையாக இருக்கக் கூடும். அளந்து பாராதவரை அதனை எவரும் அறியப் போவதில்லை.

அளக்கும் கருவியோ விலை மிக்கதன்று. புகைபோக்கியின் அடியில் ஒரு வெப்பமானி. சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஒரு குறிப்பேடு. ஒவ்வொரு வேளையும் மாறும்போது எண்ணைப் பார்த்து எழுதும் கொதிகலன் தொழிலாளி. எரிப்பதில் ஒன்றும் மாறாதிருக்க, இம்மாதத்து எண் சென்ற மாதத்து எண்ணைவிட ஏறியிருந்தால், குழாயில் கரி படிந்தது என்று முதலாளிக்கு அவனே சொல்வான். குழாய்களைச் சுரண்டித் துடைத்த மறுநாள், எண் இறங்கி நிற்பதை முதலில் காண்பவனும் அவனே.